பதினேழு வீட்டு மிதி

மாதையன் எனக்கு நானூற்று முப்பது ரூபாய் தர வேண்டியிருந்தது. பழைய சைக்கிளுக்கு இருநூற்றெண்பது, ஐஸ் பெட்டிக்கு நூற்றுப் பத்து, பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் போட்டதற்கும் டயருக்குமாக நாற்பது. கடன் தீருகிற வரை சைக்கிள் என்னுடையது. தீர்ந்த அன்றைக்கு அவனுடையது. எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். என் வாய்ப்பேச்சு பத்திரத்துக்குச் சமம் என்பது கணியம்பாடியில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சைக்கிளை அமிர்தி தாண்டி ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு கல்லின் மேல் சாய்த்துவிட்டு, ஸ்பேனரால் ஸீட்டைத் தளர்த்தி ஒரு விரற்கடை உயர்த்துகிறான். செவ்வாய், வியாழன், ஞாயிறு மூன்று நாளும் காலை ஆறரை மணிக்கு அதே கல். சமதரையில் பெட்டியோடு சேர்த்துக் கேரியரில் கட்டி வந்த உப்பு மூட்டையை அவிழ்த்து முன்னால் பாரில் தொங்கவிடுகிறான். பின்னால் மட்டும் கனம் இருந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் தரையில் ஒட்டாது, ஹேண்டில் ஆடும். செருப்பைக் கழற்றிப் பெட்டிக் கயிற்றில் செருகுகிறான். வெறுங்கால்தான் பெடலைப் பிடிக்குமாம். துண்டை நனைத்துத் தலையில் போட்டு, ஒரு நெல்லிக்காயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, யாரிடமோ சம்மதம் சொல்வதுபோல் "ஆவட்டும்" என்று சொல்லி ஏறி உட்காருகிறான்.

"ஆவட்டும்" என்பதுதான் அவனுடைய பேச்சில் முக்கால் பங்கு. பெட்டியில் இருநூறு குச்சி ஐஸ் வைக்கிறேன் என்றால் ஆவட்டும். இன்றைக்கு ஆரஞ்சு இல்லை, சேமியா ஐஸ்தான் என்றால் ஆவட்டும். வயது நாற்பத்தாறு, பார்த்தால் அறுபதாகிற என்னைவிடப் பெரியவன் என்பார்கள். மெலிந்த ஆள். கீழே இறங்கி நிற்கும்போது முட்டி இரண்டும் சொடக்குப் போடும். ஹேண்டிலைப் பிடித்துப் பிடித்து இரண்டு கைவிரல்களும் உள்பக்கமாக மடங்கியே போய்விட்டன. நீட்டச் சொன்னால் பாதி நீளும். மலையில் பிறந்தவன். சாமையும் புளியும் கைவிட்ட ஒரு வருஷம் கீழே கூலிக்கு இறங்கி, என் ஐஸ் கம்பெனி வாசலில் வந்து நின்றான். குடும்பம் இன்றைக்கும் மேலேதான்.

ஐஸ் கம்பெனி என்றதும் பரம்பரைச் சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டில் மரத்தூள் மூட்டையில் ஐஸ் கட்டி வைத்து உடைத்து விற்றவன். நொடித்துப் போன ஒருவரிடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் பழைய மெஷினை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து நானே பூட்டினேன். இன்றைக்கும் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தை வைத்து எந்த இடத்தில் கோளாறு என்று சொல்வேன். வேலூரிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர், "நீங்க சொல்லிட்டீங்க, நான் கழட்டிப் பாக்கணும், அவ்ளோதான் வித்தியாசம்" என்று ஒப்புக்கொண்டு போனார்.

பதினோரு பேர் என்னிடம் பெட்டி எடுக்கிறார்கள். பத்துப் பேர் பள்ளிக்கூட வாசல், சினிமா கொட்டகை வாசல் என்று சமதரையில் சுற்றுகிறவர்கள். மலைக்குப் போகிறவன் மாதையன் ஒருவன்தான். பஸ்ஸில் ஏற்றலாம் என்றால் பெட்டிக்கும் ஆளுக்கும் கொடுக்கிற காசில் லாபம் போய்விடும். சைக்கிளில் போனால் காசில்லை, மூச்சுதான் செலவு. ஆனால் ஐஸுக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாகப் போனால் ஐஸ் உருகும். வேகமாகப் போனால் ஆள் உருகுவான். இரண்டும் உருகாத ஒரு வேகத்தை இவன் கண்டுபிடித்து வைத்திருக்கிறான்.

ஒருநாள் காலை பெட்டி கட்டுகிற நேரத்தில், மெஷின் ஓட்டுகிற ராஜவேலு அவனைச் சீண்டினான். "மலை ஏறத்துக்கு இன்னா மாதையா வித்தை? தள்ளிக்கினு போவ வேண்டியதுதான?"

"தள்ளலாம். ரெண்டு எடத்துல தள்றேன்."

"நின்னுக்கினு மிதிச்சா சீக்கிரம் போய்டலாம் இல்ல?"

"போலாம். மூணாவது வளைவு வரிக்கும் போலாம். அப்பால அங்கியே ஒக்காந்துக்கினு போற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டலாம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கேட்டதால் சொல்கிறேன் என்பதுபோல் பெட்டிக் கயிற்றை இழுத்தபடியே சொன்னான். மேலே நிமிர்ந்து மலையைப் பார்க்கக் கூடாது, முன்சக்கரத்துக்கு முன்னால் நாலு முழத் தரையைத்தான் பார்க்க வேண்டும். ரோட்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கோணலாகப் போக வேண்டும். தூரம் கூடும், காலுக்குக் கனம் தெரியாது. வளைவில் உள்பக்கம் செங்குத்து, அங்கே ஆசைப்படக் கூடாது. வெளிப்பக்கமாகச் சுற்ற வேண்டும்.

"எங்க எறங்கணும்னு தெரியணும்," என்றான். "மூச்சு வாங்கின அப்பறம் எறங்கினா மறுக்கா ஏறி ஒக்கார முடியாது. வாங்கறதுக்கு முன்னாலயே எறங்கிடணும். அப்ப தள்ளிக்கினு போற நேரத்துலயே காலு ஆறிக்கும்."

"எப்பிடித் தெரியும், மூச்சு வாங்கப் போவுதுன்னு?"

"எண்ணிக்கினு போறேன் இல்ல."

அவன் எண்ணுவது ஒன்று, இரண்டு இல்லை. அவனுடைய ஊரில் பதினேழு வீடு. ஒரு மிதிக்கு ஒரு வீடு. முதல் வீடு மாமனார் வீடு, கடைசி வீடு கோயில் பூசாரி வீடு. அது முடிந்தால் மறுபடி மாமனார் வீடு. எந்த வளைவுக்கு எத்தனை தடவை ஊரைச் சுற்ற வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். பூசாரி வீடு வருவதற்குள் வாய் திறந்துகொண்டால், அடுத்த சுற்று முடிவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

"ஊர்ல யாரோடயாவது சண்டை சச்சரவு உண்டா?" என்று ராஜவேலு விடாமல் கேட்டான்.

"ரங்கனோட. எங்க பலா மரத்த வெட்டிட்டான். மூணு வருசமா பேச்சு இல்ல."

"அப்ப அந்த வூட்ட எண்ணாம வுட்டுடுவியா?"

"வுட்டா ஒரு மிதி கொறஞ்சிபூடும். அவன் வூட்டையும் மிதிச்சிக்கினுதான் போறேன். கொஞ்சம் அழுத்தி."

இதையெல்லாம் நான் ரசித்தேன். ஆனால் கடன் குறையவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. தொழில் தெரியாதவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். குச்சி ஒன்று ஒன்பது பைசாவுக்கு நான் கொடுக்கிறேன், மேலே அவன் பதினைந்து பைசாவுக்கு விற்கிறான். வழியில் உருகிப்போனால் வெறும் குச்சியைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டினால், ஒன்பது பைசாவுக்குப் பதில் ஐந்து பைசா எழுதிக்கொள்வேன். இந்தச் சலுகை வேறு எந்தக் கம்பெனியிலும் கிடையாது. மாதையன் ஒருநாள் நான்கு குச்சி கொண்டுவருவான், ஒருநாள் ஐந்து. திடீரென்று ஒருநாள் நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு. அந்தப் பணத்தை உடனே கட்ட முடியாமல், "பாக்கியில எழுதிக்குங்க மொதலாளி" என்பான். ஒரு பக்கம் வாரத்துக்கு ஆறு ரூபாய் கழிப்பேன். இன்னொரு பக்கம் உருகின குச்சி ஏறிக்கொண்டே போகும். இரண்டு கோடை போயும் ஐம்பத்திரண்டு ரூபாய் நின்றது. சைக்கிள் இன்னும் என்னுடையதாகவே இருந்தது.

திருட்டு இல்லை என்பது எனக்குத் தெரியும். சில பேர், பிள்ளைகள் தின்றுவிட்டுப் போடுகிற குச்சியைப் பொறுக்கி வந்து உருகினது என்று காட்டுவார்கள். தின்ற குச்சியின் நுனியில் பல் பட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே நான் பிரித்துவிடுவேன். மாதையன் கொண்டுவந்த குச்சி ஒன்றில்கூடப் பல் படவில்லை. ஆகவே ஆள் வழியில் எங்கோ படுத்துத் தூங்குகிறான் என்று முடிவு கட்டினேன்.

"ஏன் மாதையா, மலையில காத்து நல்லா வருதா?"

"வருதுங்க."

"மர நெழல்ல துண்டு விரிச்சா சொகமாத்தான் இருக்கும்."

"ஆவட்டும்ங்க," என்று குச்சிக் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

போன ஆனியில் ஒரு வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் நானும் ஒரு வெறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அமிர்திக் கல்லுக்குப் போய் நின்றேன். மாதையன் என்னைப் பார்த்தான். ஸீட்டை உயர்த்தினான், உப்பு மூட்டையை முன்னால் மாற்றினான், எனக்கும் ஒரு நெல்லிக்காய் கொடுத்தான்.

என் சைக்கிளில் பெட்டி இல்லை, மூட்டை இல்லை. வாலிபத்தில் கண்ணமங்கலத்திலிருந்து வேலூர் வரை ஒரே மிதியில் போய் வந்த கால். நின்றுகொண்டு மிதித்தேன். முதல் வளைவில் அவனை நூறு கஜம் பின்னால் விட்டேன். இரண்டாவது வளைவில் திரும்பிப் பார்த்தபோது தலையில் துண்டோடு, ரோட்டின் குறுக்கே சாய்ந்து சாய்ந்து, ஏதோ தறியில் நாடா ஓடுவதுபோல் வந்துகொண்டிருந்தான். மூன்றாவது வளைவில் என் நெஞ்சு, சுருதி கெட்ட கம்ப்ரஸர் மாதிரி அடித்தது. இறங்கி நின்றேன். அவன் என்னைக் கடந்து போனான். உதடு மட்டும் அசைந்தது. எந்த வீட்டில் இருந்தானோ தெரியாது. வெளிப்பக்கமாகச் சுற்றி மறைந்தான்.

நான் தள்ளினேன். அறுபது வயதில் அந்த மலையில் சைக்கிள் தள்ளிக்கொண்டு போக இந்த வட்டாரத்தில் இன்னொருவனைக் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம். அவன் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளியதால்தான் என்னால் அவனை எட்ட முடிந்தது. தள்ளுவதிலும் ஒரு முறை வைத்திருந்தான். இடது கை ஹேண்டிலில், வலது தோள் பெட்டியின் முதுகில். நடை மட்டும் மிதித்த அதே தாளத்தில். ஒரு மரத்தடியையும் அவன் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒரு சுனையில் வாயைக் கொப்பளித்தான், விழுங்கவில்லை. வயிற்றில் தண்ணீர் குலுங்கினால் கால் இழுக்காதாம். பின்னாலிருந்து அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சட்டை நனைந்து, காய்ந்து, உப்புப் பூத்து, மறுபடி நனைந்தது.

பெட்டிக்குள் குச்சிகளைச் சுற்றி உடைத்த ஐஸும் உப்பும் போட்டிருக்கும். அது கரைந்து உள்ளே தண்ணீர் நிற்கும். அடியில் ஒரு தக்கை உண்டு, பிடுங்கினால் வடிந்துவிடும். இவ்வளவு கனத் தண்ணீரை எதற்கு மலைமேல் சுமக்கிறாய் என்று தள்ளிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"அந்தத் தண்ணியும் ஜில்லுதானங்க. வடிச்சா உள்ள காத்து பூந்துக்கும்." நாலடி போய், "மேல ஒரு மாடு கீது" என்றான்.

கடைசி வளைவைத் தாண்டியதும் ரோட்டோர வீடு பெரியம்மாள் என்ற அம்மாளுடையது. வேலியோரம் ஒரு கறவை மாடு, கழுத்தை நீட்டி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. மாதையன் சைக்கிளைச் சாய்த்துத் தக்கையைப் பிடுங்கினான். உப்புத் தண்ணீர் வாளியில் விழுந்தது. அந்த அம்மாள் அதில் நல்ல தண்ணீர் கலந்து வைக்க, மாடு மூச்சு விடாமல் உறிஞ்சியது. அதற்குப் பதிலாக மாதையனுக்கு ஒரு உருண்டைக் களி, பெட்டிக்கு வேப்ப மர நிழல்.

"இவுரு யாரு, வெறும் சைக்கிள தள்ளிக்கினு வர்றாரு?" என்று பெரியம்மாள் கேட்டாள்.

"எங்க மொதலாளி."

"மொதலாளியா? மொதலாளின்னா ஒக்காந்துக்கினு வர மாட்டாரா?"

மூச்சு கொஞ்சம் ஆறியபின், "இவன் தெனமும் எத்தன மணிக்கு வருவான்?" என்று கேட்டேன்.

"எனக்கு மணி இன்னா தெரியும்? மாடு இப்பிடி எட்டிப் பாத்துதுன்னா நான் களிய அடுப்புலேர்ந்து எறக்குவேன். களி ஆறத்துக்குள்ள வந்துடுவாரு."

என் கைக்கடிகாரத்தில் ஒன்பது இருபத்தைந்து.

மாதையன் பெட்டியைத் திறந்தான். மேல் வரிசையில் நன்றாக நின்றவை இருந்தன. அடி வரிசையில் நாற்பத்தைந்து குச்சிகள் சாயம் ஒட்டிய வெறும் குச்சிகளாகக் கிடந்தன. ஒரு நிமிஷம்கூட அவன் உட்காரவில்லை. என் கண்ணால் பார்த்தேன். அப்படியும் நாற்பத்தைந்து. மீந்திருந்த ஒன்றை எடுத்துக் குச்சியைப் பிடித்து அசைத்தேன். ஆடியது. கெட்டியாக உறைந்த ஐஸில் குச்சி ஆடாது.

எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முந்தின நாள் நாலு மணி நேரம் கரண்ட் கட். தொட்டி போதிய அளவு குளிரவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் அச்சை உள்ளே விட வேண்டும் என்று ராஜவேலு சொன்னான். விட்டால் காலை வியாபாரம் போய்விடும், எடுத்துவிடு என்று சொன்னவன் நான். இன்னொன்றும் சொன்னேன். கெட்டியானதைச் சமதரைக்காரர்களுக்குக் கொடு, இளசை மலைப் பெட்டியில் வை. மேலே இருக்கிறவர்கள் கீழே வந்து புகார் சொல்லப் போவதில்லை என்று. இரண்டு கோடையாகக் கரண்ட் போன நாளிலெல்லாம் அப்படித்தான் செய்துவந்தோம்.

"கட்டும்போதே ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியுங்க. எடுத்து வெக்கும்போதே கையில வழுக்கும்."

"ஏன் சொல்லல?"

களியைப் பிய்த்து வாயில் போட்டு, மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னான். "சொன்னா இன்னா மொதலாளி ஆவப்போவுது? அத வேணான்னா அன்னிக்கு எனக்குப் பெட்டியே இல்ல. பெட்டி இல்லாட்டி வூட்டுக்கு நான் வெறுங்கையோட ஏறணும். வெறுங்கையோட ஏர்றதுதான் கஷ்டம்."

குரலில் கோபம் எதுவும் இல்லை. சோர்வுதான் இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே கூடும் சந்தைக்குப் போனான். நான் பஸ்ஸில் ஏறிக் கீழே வந்தேன். சைக்கிளைப் பஸ் கூரையில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். படிப்புதான் குறைவு, கணக்கில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. என்னை நானும் ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். இரண்டு கோடையில் முப்பது குச்சிக்கு மேல் உருகின நாள்களை மட்டும் தனியே எழுதினேன். முப்பத்திரண்டு நாள். ராஜவேலு மெஷின் நின்ற நேரத்தைக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பான். அதை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். முப்பத்தோரு நாள்களில் ஒவ்வொன்றுக்கும் முந்தின தேதியில் பென்சில் குறி இருந்தது. ஒன்றுக்கு இல்லை. ராஜவேலு குறிக்க மறந்திருப்பான் என்று அதையும் சேர்த்துக் கூட்டினேன். ஆயிரத்து ஐந்நூற்று இருபது குச்சி, ஐந்து பைசா வீதம் எழுபத்தாறு ரூபாய். நான் எழுதக் கூடாத எழுபத்தாறு ரூபாய். அது இல்லாவிட்டால் வைகாசியிலேயே சைக்கிள் அவனுடையது.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாதையன் பெட்டியை இறக்கி வைக்க வந்தபோது, மற்றவர்களும் இருக்கும்போதே கூப்பிட்டேன். மறைவாகக் கொடுத்தால் தர்மம்போல் ஆகிவிடும். நோட்டில் அவன் பக்கத்தைக் குறுக்கே அடித்தேன். பாக்கி ஐம்பத்திரண்டு கழிந்தது, சைக்கிள் இனி உன்னுடையது, இந்த இருபத்து நாலு ரூபாயும் உன்னுடையது என்று சொல்லி, ஏன் என்பதையும் எல்லார் காதிலும் விழச் சொன்னேன். ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டு தொட்டி மூடியைத் துடைத்தான். இனி இளசை யாருக்கும் வைக்கக் கூடாது என்று அவனிடமும் சொன்னேன்.

மாதையன் கையை நீட்டினான். பாதிதான் நீண்டது. மடங்கிய விரல்களுக்கு நடுவே இரண்டு பத்து ரூபாய் நோட்டும் நாலு ஒரு ரூபாய் நோட்டும் வைத்தேன். அவன் வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தான். பிறகு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தான். எழுத்துத் தெரியாதவன்.

"இதுல வைகாசி கடேசி செவ்வா சேத்துட்டீங்களா?"

பார்த்தேன். பென்சில் குறி இல்லாத நாள். "சேர்த்திருக்கு. அறுபது குச்சி, மூணு ரூபாய்."

"அன்னிக்குக் கட்டி நல்லாத்தாங்க இருந்துச்சு. மின்ன நாளு கரண்டும் இருந்துச்சு." நோட்டுகளை விரலிடுக்கில் நகர்த்திக்கொண்டான். "செல்லிக்குக் காய்ச்சல். மூணு ராத்திரி கண்ணு மூடல. அஞ்சாவது வளைவுல சும்மா ஒக்காந்தேன். எழுந்து பாக்கறேன், வெயில் தலை மேல நிக்கிது."

செல்லி அவன் பெண்டாட்டி. "போகட்டும் மாதையா, வெச்சிக்க," என்றேன்.

"கைய நீட்டுங்க மொதலாளி."

மற்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீட்டினேன். அவன் வளைந்த விரல்களால் ஒரு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."